நரம்பு என்று சொன்னாயே, அண்ணே

தீபாவளிக்கு வீடு கழுவ வேண்டுமென்று அடுப்படி அலமாரியை நகர்த்தினேன், அண்ணே. பின்னால் இடுக்கில் கிடந்த புட்டி ஒன்று உருண்டு வந்து என் கால்விரலில் இடித்து நின்றது. மூடியைத் திறக்கவே தேவையில்லை, வாசம் அதுவாக வந்தது. ஜாதிக்காய், கிராம்பு, பேர் தெரியாத ஏதோ வேர். உருவி விடுகிற ரெங்கசாமியின் எண்ணெய். ஆஸ்பத்திரி வார்டில் அத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறிய பிறகும், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "வீட்டுக்குப் போனதும் மாப்ளைக்குத் தடவு, ஒண்ணும் ஆவாது லா," என்று என் பைக்குள் திணித்தாயே, அதே புட்டி.

வாசம் முன்னறைக்கும் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கிருந்தபடியே, "அது மச்சான் குடுத்ததுல்ல? கொட்டிராத, எடுத்து வை," என்றார். எட்டிப் பார்த்தால் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தன்னைப் பாடையில் ஏற்றப் பார்த்த எண்ணெய்க்குத் தானே அழுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். அந்த வேலையைத் தோட்டமே செய்துகொண்டிருக்கிறது, ஆள் போதும். நான் என் பங்குக்கு உள்ளதை எழுதுகிறேன்.

ஊருக்கெல்லாம் நீ 'தலைவரே'. எனக்கு எப்போதும் வெறும் அண்ணன், அதுவும் நீ, வா, போ தான். கியா பார்மிலிருந்து கோபிஸ், தக்காளி என்று காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் லோரியை வருஷக்கணக்கில் ஓட்டினாய். சந்தையில் மூட்டை இறக்கும்போது பேசப் பழகிய மலாய், லோரி முதலாளியிடம் பொறுக்கிய நாலு இங்கிலீஷ் வார்த்தை, அவ்வளவுதான் உன் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே வாயாகிவிட்டாய். மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவர் ஆனதும் வெள்ளைச் சட்டை வந்தது. சட்டைப் பையில் பேனா வந்தது. அந்தப் பேனா எழுதி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, யாருக்கு எங்கே காரியம் என்றாலும், "தலைவரக் கூட்டிட்டுப் போ," என்பார்கள். நீயும் பேனாவைத் தடவிக்கொண்டு முன்னால் நடப்பாய்.

ஒரு மழைக்காலத்தில் தோட்டத்து லயத்தில் வரிசை வீட்டுக் கூரையெல்லாம் ஒழுகியது நினைவிருக்கிறதா? கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாய். மானேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நந்தி சாயா தெங்கோக்," என்றார். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். வேலையைத் தள்ளிப்போடுகிறவன் எந்தப் பாஷையிலும் சொல்கிற பேச்சு அது. நீ எங்கள் பக்கம் திரும்பி, "நாளைக்கு நேர்ல வந்து பாக்குறாராம்!" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் சாக்கடை கழுவி, லயத்து முகப்பில் தோரணம் கட்டி, அண்ணி ஒரு சட்டி வடையும் சுட்டு வைத்தாள். பனி இறங்கியது, மழை வந்தது, மானேஜர் வரவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து அந்த வடையை நாங்களே தின்றோம். நீ அசந்தாயா? நாலாவது வடையை எடுத்துக்கொண்டே, "பெரிய மனுசனுங்கள நம்பக் கூடாது. அதத்தான் நானும் சொன்னேன்," என்றாய்.

அதத்தான் நானும் சொன்னேன். உன் ஆயுசில் நீ அதிகமாகப் பேசியது இந்த வாசகத்தைத்தான். யார் எதைச் சொன்னாலும், நீ சொன்னதற்கு அது நேர் எதிராக இருந்தாலும், கடைசியில் அதையே நீயும் சொல்லியிருப்பாய். சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு சலித்தது. பிறகு உன் வாய் திறக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

போகட்டும், வடை போனால் போகிறது. என் வீட்டுக்காரர் வடை இல்லை.

அவருக்குச் சர்க்கரை முற்றி இரண்டு கிட்னியும் கைவிட்டது. ரத்தத்தை மெஷினில் சுத்தம் பண்ண வேண்டும், உடனே வேண்டும், கழுத்து வழியாக ஒரு குழாய் போட்டால்தான் முடியும் என்று மலை மேல் ஆஸ்பத்திரியில் சொல்லி, கீழே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மலை இறங்குகிற வழியெல்லாம் வளைவுக்கு வளைவு அவர் வாந்தி எடுத்தார். நான் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் நீ, இஸ்திரி போட்ட சட்டையோடு, "நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காத," என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். நானும் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயத்துக்கு யாராவது முன்னால் நின்றால் போதுமென்று இருந்தது.

குழாய் போட உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் அந்த டாக்டர் பெண் வெளியே வந்தாள். வயது என் மகள் வயதுதான் இருக்கும். முக்காட்டு ஓரமெல்லாம் வியர்வை. நீதான் முன்னால் போய் நின்றாய், அவள் உன்னைத் தாண்டி என்னைப் பார்த்துப் பேசினாள். குழாய் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் 'ஆர்த்தெரி'யில் போய்விட்டது, அதை இப்போது எடுக்கக் கூடாது, அப்படியே விட்டு வைத்திருக்கிறோம், ரத்தக் குழாய் ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் வந்து எடுத்துத் தைப்பார் என்று சொன்னாள். "மிந்தா மாஃப், மக்சிக்," என்று என்னை அத்தை முறை சொல்லி மன்னிப்பும் கேட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு எட்டியது அந்த மன்னிப்பு மட்டும்தான்.

ஆர்த்தெரி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. சந்தையில் யாரும் ஆர்த்தெரி விற்பதில்லை. அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். சொல்லத்தான் நின்றாள். நீ என்ன செய்தாய்? புருவத்தை நெரித்துக்கொண்டு, எல்லாம் விளங்கிய ஆள் மாதிரி, "ஊராட் கா, டாக்டர்?" என்று கேட்டாய். அவளுக்கு உள்ளே ஆள் உயிருக்குப் போராடிக் கிடக்கிறார், இங்கே நின்று பாடம் நடத்த நேரமில்லை. "ஏறக்குறைய அப்படித்தான், பெரிய ஊராட்," என்றுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஊராட் என்றால் நரம்பு. மலாய்க்காரர்களுக்கு எல்லாமே ஊராட். நமக்கு நரம்பு என்றால் எல்லாம் நரம்பு. ஊசி போடுவதும் நரம்பில், காலில் இழுத்துப் பிடிப்பதும் நரம்பு, கோபத்தில் நெற்றியில் புடைப்பதும் நரம்பு, பக்கவாதம் வந்தாலும் நரம்பு. இந்த ஒரு சொல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ என்னிடம் வந்தாய். "நரம்புல குத்திட்டாளுங்கம்மா. பெரிய நரம்பு. இனிமே ஒரு பக்கம் இழுத்துக்கும்," என்றாய்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை கால் விழுந்த மனிதரை லயத்து வீட்டில் வைத்துத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்டுகிற காலமெல்லாம் ஒரே நிமிஷத்தில் கண்ணுக்கு முன்னால் ஓடியது. நீயோ நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்குப் போய்த் தட்டிக்கொண்டிருந்தாய். தப்பான இடத்தில் போட்ட குழாயை எடுக்காமல் வைத்திருக்கிறார்களே, என்ன திமிர், உடனே பிடுங்கு, இல்லையென்றால் கேஸ் போடுவேன், பேப்பரில் போடுவேன். பேப்பரில் போடுவானாம்! கோயில் திருவிழா நோட்டீசில் சொந்தப் பெயரைத் தப்பாக அச்சடித்தபோதுகூட அதைத் திருத்தத் தெரியாத ஆள்.

வார்டுக்குள் போய்ப் பார்த்தோம். கழுத்துக்குப் பக்கத்தில் குழாய் நீட்டிக்கொண்டு, துணிப் பிளாஸ்திரி ஒட்டிக் கிடந்தார். குழாயின் வாயை இறுக்கி மூடியிருந்தார்கள். மூடியதற்கு இந்தப் பக்கம் நின்ற ரத்தம் செக்கச் செவேலென்று இருந்தது. குழாய் லேசாக, விடாமல், துள்ளிக்கொண்டிருந்தது. ஆடாமல் படுக்கச் சொல்லியிருப்பார்கள் போல, கண்ணை மட்டும் திருப்பி, "என்னவாம் மச்சான்?" என்று கேட்டார். "நரம்பு மாப்ள. பயப்படாத, நான் பாத்துக்கிறேன்," என்று அவருக்கும் சொல்லி முடித்தாய். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் போர்வைக்குள் கால்விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் அசைகிறதா, இன்னும் அசைகிறதா என்று. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, அண்ணே. அந்தப் பயம் உன் வாயிலிருந்து வந்தது.

சாயங்காலம் பார்வையாளரை விடும் நேரத்தில் ரெங்கசாமி வந்து நின்றார். மலை மேல் ரிங்லெட்டில் இருந்தவரை நீதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாய். தோளில் பை, பைக்குள் இந்தப் புட்டி. சுளுக்கு, பிசகு, குழந்தைக்கு உரம் விழுந்தது, எல்லாம் பார்ப்பார், நல்ல மனுஷன்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நரம்பு பிசகிவிட்டது வா என்றால் அவர் வரத்தான் செய்வார். நீ திரையை இழுத்துவிட்டு, "சத்தம் போடாம சட்டுனு பாருங்க. பெரிய டாக்டரு வர்றதுக்குள்ள நரம்பு எறங்கிட்டா அறுக்க வேண்டாம்ல," என்றாய். எனக்கும் அது சரியென்றே பட்டது. அறுக்க வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்? அவர் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். வார்டு முழுக்க ஜாதிக்காய் வாசம். கட்டைவிரலைக் காதுக்குக் கீழே வைத்து, அமுக்கி இறக்கப் போனார்.

வாசம்தான் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் வராத வாசம் எங்கிருந்து வருகிறது என்று திரையை விலக்கிய தமிழ் நர்ஸ் மிஸி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாய்ந்து வந்து ரெங்கசாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னங்க பண்றீங்க? யாரு உங்கள உள்ள விட்டா?"

"நரம்பு பிசகிடுச்சுன்னு தலைவர் சொன்னாரும்மா," என்றார் ரெங்கசாமி.

"யாரு நரம்புன்னா?"

நீ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "டாக்டர்தான்மா சொன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க," என்றாய்.

"டாக்டர் ஆர்த்தெரின்னு சொன்னாங்க. அது நரம்பு இல்ல, ரத்தக் குழா. கழுத்துல ரெண்டு ஓடுது. ஒண்ணு நெஞ்சுக்குத் திரும்பி வர்றது, மெதுவா வரும், அதுலதான் தியூப் போடணும். இன்னொண்ணு நெஞ்சு அடிச்சு மூளைக்கு அனுப்புறது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஓடும். இவருக்கு அதுல ஏறிடுச்சு. பிடுங்குனா ரத்தம் பீச்சிக்கிட்டு வரும், கழுத்து வீங்கி மூச்சே நின்னுரும். நீங்க அமுக்குனா ரத்தக்கட்டி ஒண்ணு மூளைக்குப் போய் அடைச்சுக்கும். அப்பத்தான் கை கால் விழும். புரியுதா? அதனாலதான் தொடாம வச்சிருக்கோம்."

ரெங்கசாமி எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றார். கட்டிலில் கிடந்தவர் கால்விரல் ஆட்டுவதை நிறுத்திவிட்டார். நீ மட்டும் தலையை மேலும் கீழும் ஆட்டினாய்.

"அதத்தான் நானும் சொன்னேன்," என்றாய்.

அந்த மிஸி உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அண்ணே, அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். எனக்கு உன் மேல் இருந்த கடைசிப் பொட்டு மரியாதையும் அந்தத் திரைக்குப் பக்கத்தில்தான் கழன்று விழுந்தது. குனிந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். கழுத்தைத் திறந்து, குழாயை எடுத்து, ஓட்டையைத் தைத்தார்கள். அந்த டாக்டர் பெண் ஆபரேஷன் முடியும்வரை வாசலிலேயே நின்றாள். முடிந்ததும் வந்து, குத்தியது நான்தான் என்று மறுபடி என்னிடம் சொன்னாள். நான் அவளைக் கும்பிடவில்லை, திட்டவும் இல்லை. அவள் கையால் நடந்ததை அவள் வாயால் சொன்னாள், அவ்வளவு தெரிந்தது. பிறகு மற்றப் பக்கம் வேறு குழாய் போட்டு, மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணி, கையில் நிரந்தரமாக வழி செய்து, என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் போய்ப் படுத்து வந்துகொண்டிருக்கிறார். கழுத்தில் விரல் நீளத்துக்குத் தழும்பு. கால் நன்றாக நடக்கிறது.

நீ இதை விட்டுத் தொலைத்திருக்கலாம். விடுவாயா? ரிங்லெட் பாய் கடையில், கோயில் மண்டபத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே நாலு பேர் இருந்தாலும் கதை தொடங்கிவிடும். "கழுத்து நரம்புல குத்திட்டானுங்க. நான் மட்டும் மேஜையத் தட்டலேன்னா என் மாப்ள அன்னிக்கே போயிருப்பான். பெரிய டாக்டரு என் சத்தத்துக்குத்தான் ஓடி வந்தாரு." எண்ணெயும் ரெங்கசாமியும் அந்தக் கதையில் வருவதே இல்லை. கேட்கிறவர்கள் கழுத்தைத் தடவிக்கொள்வார்கள். எனக்கு ஒருமுறை பொறுக்கவில்லை. மண்டபத்தில் எல்லார் முன்னாலும், "அது நரம்பு இல்லண்ணே, ரத்தக் குழா. மிஸி சொன்னாங்கல்ல," என்றேன். நீ சிரித்தாய். "அதத்தான் நானும் சொன்னேன், ரத்த நரம்பு," என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். ரத்த நரம்பாம்! சர்வகலாசாலையிலிருந்து கொண்டுவந்தவன் மாதிரி சொன்னாய். அதற்குத் தமிழில் தமனி என்று பெயராம், என் மகள் சொன்னாள். தோட்டத்தில் அந்தச் சொல் யார் வாயிலும் வந்ததில்லை. அங்கே இருப்பது உன் ரத்த நரம்புதான்.

போன மழைக்காலத்தில் உன் முறை வந்தது. உனக்கும் சர்க்கரை, நீயும் அதை ஒளித்துத் திரிந்தவன். மேடையில் ஏறிச் சர்க்கரையைக் குறையுங்கள் என்று பேசிவிட்டு, இறங்கி வந்து கேசரி இரண்டு தட்டு. முகம் வீங்கி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, அண்ணி அழுதுகொண்டு போன் பண்ணினாள். அதே ஆஸ்பத்திரி. அதே பேச்சு. உடம்பில் தண்ணீர் கட்டிவிட்டது, உடனே மெஷினில் போட வேண்டும், கழுத்தில் குழாய்.

நீ, "வேணாம்," என்றாய்.

நாங்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அண்ணி காலைப் பிடித்தாள். உன் மாப்பிள்ளை, மெஷினிலிருந்து எழுந்து நேராக வந்து, தன் தழும்பைக் காட்டி, "என்னப் பாரு மச்சான், நல்லாத்தான இருக்கேன்?" என்றார். கழுத்து வேண்டாமென்றால் தொடையில் போடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "அங்கயும் நரம்புதான ஓடுது," என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்ன பொய்யை நீ நம்பித் தொலைத்திருக்கிறாய். சொல்லிச் சொல்லி உனக்கே அது உண்மையாகிவிட்டது. திரைக்குப் பக்கத்தில் மிஸி சொன்னபோது நீ தலைதான் ஆட்டினாய். ஒரு வார்த்தை உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். பொறுமையானவர். குழாய் எதில் போகும், எதில் போகக் கூடாது, தவறிப் போனால் என்ன செய்வார்கள், எல்லாம் சொன்னார். நீ தலையணையில் சாய்ந்து, மூச்சு இழுக்க இழுக்க, அவர் பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். அவர் குனிந்து, "ஃபாஹாம், என்சிக்?" என்று கேட்டார். புரிந்ததா ஐயா என்று.

"ஃபாஹாம், ஃபாஹாம்," என்றாய்.

அவர் போனதும் நான் கேட்டேன். "என்ன சொன்னாருண்ணே?"

நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "அதேதான்."

"அதேன்னா என்ன?"

ஆஸ்பத்திரிச் சட்டையில் பை கிடையாது, பேனாவும் கிடையாது. உன் கை மட்டும் நெஞ்சுப் பக்கம் போய் எதையோ தேடிவிட்டு இறங்கியது. உனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. அன்றைக்கு மட்டுமில்லை, ஆபீஸ் வாசலிலும், வார்டு வாசலிலும், எங்கேயும் உனக்குப் பாதிக்கு மேல் விளங்கியதே இல்லை. நீ ஒவ்வொரு இடத்திலும் பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறாய். விளங்கவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயந்து, அந்தப் பயத்துக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

"புரியலன்னு சொல்லுண்ணே. நான் போய்த் திருப்பிக் கூட்டிட்டு வர்றேன். இப்பத்தான் போறாரு, அந்தக் கடைசிக் கட்டில்கிட்டதான் நிக்கிறாரு," என்றேன்.

"போடி," என்றாய். "எனக்கே மலாய் சொல்லித் தர வந்துட்டா."

நான் போய்க் கூட்டி வந்தேன், உனக்காக நானே கேட்டேன். அவர் மறுபடி வந்து மறுபடி சொன்னார், நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். என் வாயிலிருந்து வந்தால் அது உனக்குப் பேச்சே இல்லை. அவர் உன்னைத்தான் கேட்டார், நீதான் தலையாட்ட வேண்டும், வேறு யார் ஆட்டினாலும் செல்லாது. வாழ்நாள் பூராவும் எல்லாவற்றுக்கும் ஆடிய தலை அன்றைக்குப் பார்த்து ஆடவில்லை. மாப்பிள்ளை கையைப் பிடித்து, ரொம்பச் சன்னமாக, "கழுத்துல குத்தறப்ப வலிச்சுதா மாப்ள?" என்று கேட்டாய். "மரத்துப் போக மருந்து போடுவாங்க மச்சான். பயந்தான் வலிச்சுது," என்றார் அவர். சாயங்காலத்துக்குள் பேச்சு போய்விட்டது, பிறகு மூச்சும்.

கொள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சு. மாப்பிள்ளையைக் காப்பாற்றிய மனுஷன், தன்னைக் காப்பாற்ற ஆளில்லாமல் போய்விட்டார் என்று. நான் எழுந்து பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவினேன். அழுதேனா என்று கேட்காதே. கோபத்திலும் கண்ணில் தண்ணீர் வரும்.

நீ போய்விட்டாய், உன் நரம்பு போகவில்லை. போன வாரம் மேட்டு லயத்துச் செல்லம்மாவுக்குக் கழுத்தில் குழாய் போட வேண்டும் என்றார்கள். அவள் முடியவே முடியாது என்று நின்றாள். "தலைவர் சொல்லியிருக்காரே, நரம்புல குத்திருவாங்கன்னு. அவரே வேணாம்னுட்டுத்தான போனாரு?" என்று என்னிடமே கேட்கிறாள். செத்த பிறகும் கூட்டம் சேர்க்கிறாய் பார். அவளை இழுத்துக்கொண்டு மலை இறங்கினேன். கூட வர வேறு ஆள் இல்லை. நீதான் இல்லையே.

டாக்டர் மலாயில் மளமளவென்று சொல்லி முடித்தார். பாதி விளங்கியது, மீதி ஓடிவிட்டது. செல்லம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "ஃபாஹாம், மக்சிக்?" என்றார். உன் தங்கச்சிதானே நான், என் கழுத்தும் ஆடப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தாக் ஃபாஹாம், டாக்டர். சக்காப் செகாலி லாகி," என்றேன். புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்.

என்ன ஆனது தெரியுமா? அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், அண்ணே. யாரும் சிரிக்கவில்லை. என் மரியாதை எங்கேயும் போகவில்லை, போக என்னிடம் அவ்வளவு இருக்கவும் இல்லை. தன் கழுத்தையே தொட்டுக் காட்டி, இரண்டு விரலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது திரும்பி வரும் குழாய், இது அடித்து அனுப்பும் குழாய் என்று மெதுவாகச் சொன்னார். ஸ்கேன் வைத்துப் பார்த்துத்தான் குத்துவார்களாம், அப்படியும் சில சமயம் தவறுமாம், தவறினால் தொடாமல் வைத்திருந்து சரிசெய்வார்களாம். ஒவ்வொன்றாக நான் செல்லம்மாவுக்குச் சொன்னேன். ஒரு இடத்திலும் நரம்பு என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போடச் சொல்லுங்க," என்றாள்.

புரியவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்கிற இந்த மூன்று நான்கு சொல்தான் உன்னால் நான் சுமப்பது. நீ ஒரு நாளும் சொல்லாததை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எண்ணெய்ப் புட்டியை உன் மாப்பிள்ளை சாமி படத்துக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டார், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது, நான் என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் வெள்ளைச் சட்டையோடு அங்கே நின்று, "அதத்தான் நானும் சொன்னேன்," என்றிருப்பாய். சொல்லிவிட்டுப் போயேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாமே, மடையா, உயிரோடு இருந்து.